லாரி ஓட்டுதற்குரிய லைசென்சு

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியர் லாரி லைசென்சைப் பற்றிப் பேச வருவதென்ன என்று உங்களுட் சிலர் நகைத்தல் கூடும். யாம் தலைப்பைக் கூறியபொழுது செயலாளர் அவர்களே, "இலக்கணத்திற்கும் இஞ்சினுக்கும் என்ன உறவு?" என்று வினவினார். உறவு உண்டு. எம் வகுப்பினின்றும் ஆண்டுதோறும் வெளிச்செல்லும் மாணவருட் சிலர் கல்லூரிக்குப் போகின்றனர். சிலர் கடைக்கும் வயலுக்கும் போகின்றனர். சிலர் லாரிக்குப் போகின்றனர். கல்லூரிக்குப் போவாரைப் பற்றி இவ்வவையிற் பலகாலும் பேசியிருக்கின்றோம், பரிசுகளும் வழங்கியிருக்கின்றோம். லாரிக்குப் போவாரைப் பற்றி இங்கே ஒருவரும் பேசக் கேட்டதில்லை. அவரும் நம் பிள்ளைகளே.

"படிப்பு ஏறவில்லை; லாரிக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்." இச்சொல்லைத் தந்தையர் பலர் வாயிலாக யாம் கேட்டிருக்கின்றோம். மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே கூறுவர். லாரி ஓட்டுதல் கல்லாதார்க்கு உரிய தொழில் என்னும் எண்ணம் அச்சொல்லின் அடியிற் கிடக்கின்றது. அவ்வெண்ணம் எத்துணைக் கேட்டிற்கு வித்தாகின்றது என்பதனை எடுத்துரைக்கவே இன்று வந்தோம். கல்வியில்லாத தொழிலென்று கருதுவதனாலன்றோ அதனைக் கல்லாமலே பெற்றுவிடலாமென்று புரோக்கர் வீட்டு வாயிலில் நிற்கின்றோம்?

நம் முன்னோர் தேரோட்டுவானை வலவன் என்றும் பாகன் என்றும் வழங்கினர். சங்கச் செய்யுட்களில் தலைவனோடு ஒப்ப நின்று பேசத்தக்க தோழமை அவனுக்கு உண்டு. அகநானூற்றின் நான்காம் பாட்டில் ஒரு செய்தி வருகின்றது: சோலையிலே பூந்தாது உண்டு துணையோடு உறையும் வண்டுகள் வெருவுமென்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு ஓட்டி வருகின்றான் ஒருவன். வண்டுக்கு இரங்கி மணியின் நாவைக் கட்டிய நாட்டிலே, பல குரலில் அலறும் ஹாரனைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாயிலிற் பாய்கின்றோம். அத்தகைய ஹாரன் கூடாதென்று மத்திய விதிகளுள் 119ஆம் விதி தடுத்திருக்கின்றது. லைசென்சு முதலியவற்றிற்கு விண்ணப்பிக்கும் அரசு இணையதளத்திற்குச் சாரதி என்று பெயரிட்டிருக்கின்றனர். வடசொல்லேயாயினும் பொருத்தமான பெயர்தான்.

இனி முறையைக் கூறுவோம். இந்நாட்டில் மோட்டார் வண்டிகளை ஆள்வது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதனையொட்டி எழுந்தவை 1989ஆம் ஆண்டு மத்திய விதிகள். கார் முதலிய இலகு வண்டியைச் சொந்தத்திற்கு ஓட்ட 18 வயது நிரம்பினாற் போதும். போக்குவரத்து வண்டி ஓட்ட 20 வயது வேண்டும். லாரிக்கும் பஸ்ஸிற்கும் வயது மட்டும் போதாது. இலகு வண்டி லைசென்சு பெற்று ஓராண்டேனும் கழிந்திருத்தல் வேண்டும். அதன் பின்னரே பழகுநர் உரிமம், உலக வழக்கில் எல்.எல்.ஆர்., கிட்டும். அஃது ஆறு திங்கள் செல்லும். பெற்று முப்பது நாள் கழிந்த பின்னரே ஓட்டும் தேர்வுக்குப் போகலாம். தேர்வில் தவறினால் ஏழு நாள் கழித்து மீண்டும் வரலாம். மூன்று முறை தவறினால் அறுபது நாள் பொறுத்திருத்தல் வேண்டும். பள்ளித் தேர்வுக்கும் இதற்கும் வேற்றுமை பெரிதாக எமக்குத் தோன்றவில்லை.

விண்ணப்பத்தோடு இரண்டு சான்றுகள் வேண்டும். ஒன்று பயிற்சிப் பள்ளி தரும் 5ஆம் படிவம். மற்றொன்று மருத்துவர் தரும் 1-ஏ படிவம். இம்மருத்துவச் சான்றைப் பத்து நிமிடத்தில் முத்திரை குத்தி வாங்கும் காகிதமென்று நினையாதீர்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வண்டியின் எண்பலகையைப் படிக்க இயலுமா, கடுமையான நிறக்குருடு உண்டா, மாலைக்கண் உண்டா, வழக்கமான ஒலிக்குறிகள் செவியில் விழுமா என்று அப்படிவம் மருத்துவரை வினவுகின்றது. வகுப்பிலே கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளைகளை யாம் நாள்தோறும் காண்கின்றோம். பெற்றோரிடம் கூறினால், "கண்ணாடி போட்டால் நாளைக்கு டிரைவர் வேலை கிடைக்குமா?" என்று மறைக்கப் பார்க்கின்றனர். கண்ணாடியால் திருந்தும் பார்வைக்குக் கண்ணாடி அணிந்து ஓட்டலாம். மறைத்த குறையோ இரவில், எதிர்வண்டியின் விளக்கொளியில், தானே வெளிப்படும்.

தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றோம். 15ஆம் விதியில் ஓட்டுவோன் செய்து காட்டவேண்டியவை வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அதனைப் படித்தபொழுது யாம் வியந்தோம்; நல்லாசிரியன் ஒருவன் வகுத்த பாடத்திட்டம் போல் இருக்கின்றது. புறப்படுமுன் பின்னோக்குக் கண்ணாடியைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கைபிரேக்கையோ, ஆக்ஸிலேட்டர், கால்பிரேக்கு இரண்டையுமோ முறையே ஆண்டு, சிறிதும் பின்னுருளாமல் மீண்டும் எடுத்தல் வேண்டும். குறுகிய திறப்பினுள் வலமாகவோ இடமாகவோ பின்னோக்கிச் செலுத்துதல் வேண்டும். இறக்கத்தில் விரைவாகக் கீழ் கியருக்கு மாறுதல் வேண்டும்.

இக்கடைசி ஒன்றைப் பாருங்கள். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர்ப் பக்கம் ஏறும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. சரக்கேற்றிய லாரி அவ்வழியே இறங்கும்பொழுது வளைவுதோறும் காற்பிரேக்கையே மிதித்து வந்தால் பிரேக்கு டிரம் காய்ந்து, மிதித்தும் பிடிக்காத நிலைக்கு வரும். கீழ் கியரில் இறங்கினால் இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கு தன் வலியை வளைவுக்கென்று சேமித்து வைக்கும். இதனை அறியாதவனோ, டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுகின்றான். விதியில் ஒரே வரியாகக் கிடக்கும் இச்செய்தி மலையில் உயிராக நிற்கின்றது. குறுகிய மலைவழியில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிடல் வேண்டும் என்பதும் அத்தகையதே. பாரத்தோடு ஏறுவது நின்றுவிட்டால் மீண்டும் எடுப்பது அரிதன்றோ?

முன்னாளில் இவற்றைக் கற்பித்த பள்ளி லாரியேயாகும். பையன் கிளீனராகச் சேர்வான். டயரைச் சுத்தியலால் தட்டி ஓசையறிவான். தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டுவான். பின்னால் நின்று "வா, வா, போதும்" என்று குரல் கொடுப்பான். ஆண்டுகள் பல கழித்து, மூத்த டிரைவர் மனமிரங்கி ஸ்டியரிங்கைத் தருவார். அக்குருகுல முறையை யாம் இகழமாட்டோம். வண்டியின் ஓசையில் நோயறியும் செவி அவ்வாறு வந்ததே. ஆறு வாரப் பயிற்சியில் அது வருமென்று சொல்லத் துணியோம். ஆனால் எல்.எல்.ஆர். இல்லாத கிளீனர் பையனிடம் நள்ளிரவில் வண்டியைத் தந்துவிட்டு டிரைவர் பின்பலகையில் உறங்கும் வழக்கமும் அதனோடு சேர்ந்தே வந்தது. பழகுவோன் 'எல்' பலகை மாட்டி, உரிய லைசென்சுடையார் ஒருவர் பக்கத்திலிருந்து வண்டியை நிறுத்தவல்ல நிலையில்தான் ஓட்டலாம் என்பது விதி. உறங்குவார் எவரும் அந்நிலையில் இல்லை.

2021ஆம் ஆண்டில் மத்திய அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கென்று தனி விதிகளை வகுத்தது. அவற்றின்படி நடுத்தர, கனரக வண்டிகளுக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பயிற்சி. ஏட்டுப்பாடமும் உண்டு, ஓட்டமும் உண்டு. அங்கே தேறியோர்க்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துத் தேர்வினின்றும் விலக்கும் உண்டு. கிளீனராக இருந்து பழகிய செவியும், இத்தகைய பயிற்சியும் ஒருவனிடம் சேர்ந்தால் அவனுக்கு நிகர் எவர்?

யாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. பெயர் கூறோம், ஊரும் கூறோம். தந்தை பத்துச் சக்கர லாரி ஒன்றைப் பழையதாக வாங்கினார். மகனிடம் இலகு வண்டி லைசென்சு இருந்தது. "மகனே ஓட்டுகின்றான், டிரைவர் சம்பளமும் படியும் மிச்சம்" என்று மகிழ்ந்தார். பையன் நன்றாகவே ஓட்டுவான். அதில் எவர்க்கும் ஐயமில்லை. ஒரு மாலை, மங்கிய வெளிச்சத்தில், மிதிவண்டியில் வந்த ஒருவர்மீது வண்டி மோதிற்று. அவர் இறந்தார். அவருக்கு மனைவியும் இரு சிறுமியரும் இருந்தனர். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அக்குடும்பத்திற்குத் தொகை விதித்தது, விதித்தது முறையே. ஓட்டியவனுக்கு அவ்வகை வண்டிக்குரிய லைசென்சு இல்லையாதலின், இன்சூரன்சுக் கம்பெனி முதலில் அத்தொகையைச் செலுத்திவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் பெற்றுக்கொள்ளலாமென்று தீர்ப்பாயிற்று. பிரீமியம் தவறாமற் கட்டியிருந்தார் தந்தை. அது கைகொடுக்கவில்லை. கிணற்றடி நிலம் போயிற்று, லாரியும் போயிற்று. வழக்கு முடிந்த ஆண்டில் அவ்வீட்டுப் பெண்ணின் திருமணம் நின்றுபோயிற்று.

ஈண்டு ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். இலகு வண்டி லைசென்சு உடையார் சரக்கு வண்டியே ஓட்டக்கூடாதா என்று வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. 2017ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வும், 2024ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வும் தீர்ப்பளித்தன. வண்டியின் எடையும் அது சுமக்க இசைவு பெற்ற பாரமும் கூடி 7,500 கிலோவுக்கு மேற்படாதாயின், இலகு வண்டி லைசென்சே அச்சரக்கு வண்டிக்கும் போதும். அதற்கு மேற்பட்டால் தனி உரிமம் வேண்டும். ஆகவே காய்கறி ஏற்றும் சிறு சரக்கு வண்டி வைத்திருப்போர் அஞ்சவேண்டா. "சின்ன லாரிதானே" என்று கண்ணளவால் துணிவோர் அஞ்சல் வேண்டும். வண்டியின் பதிவுச் சான்றில் எடை எழுதியிருக்கின்றது, அதனைப் படியுங்கள். வண்டி வைத்திருப்போர்க்கு மற்றொன்று: டிரைவரின் லைசென்சை வாங்கிப் பார்த்து, தக்க கவனத்தோடு அமர்த்திய உரிமையாளருக்குப் பாதுகாப்பு உண்டு என்பது 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் சாரம். உறவுக்காரப் பையனிடம் லைசென்சு கேட்பது மரியாதையன்று என்று கூசாதீர்கள்.

பதினேழு வயது மகனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து மீசை முறுக்கும் தந்தையர்க்கும் ஒரு சொல். மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனை நாம் போற்றுகின்றோம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தையையே பிடிக்கின்றது: சிறுவன் குற்றம் புரிந்தால் பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும். வண்டியின் பதிவு பன்னிரு திங்கள் இரத்தாகும். அச்சிறுவன் 25 வயது வரை எல்.எல்.ஆர். பெறமுடியாது. இருபதில் தொழிலுக்குப் போகவேண்டியவன் ஐந்தாண்டு வீட்டில் இருப்பான்.

மேற்கூறிய பையனிடம் தொழில் இருந்தது, தாள் இல்லை. புரோக்கரிடம் வாங்குவோரிடம் தாள் இருக்கும், தொழில் இராது. இரண்டனுள் எது தீது என்று கேட்பாராயின், இரண்டாவதே தீது என்போம். முன்னதில் நிலம் போகும், பின்னதில் தான் இன்னாரென்று அறியாத பிறர் உயிர் போகும். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டிற்கு: 64,105. அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்களே. அதற்கு மேல் புரோக்கர் கேட்கும் ஆயிரங்களில் பயிற்சிப் பள்ளியின் முழுப் பாடத்தையும் முறையாகக் கற்றுவிடலாமே!

எழுத்தறிவைப் பற்றியும் கூறல் வேண்டும். போக்குவரத்து வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேறியிருக்கவேண்டும் என்னும் விதியை 2019ஆம் ஆண்டில் மத்திய அரசு நீக்கியது. அரியானாவின் மேவாத் பகுதியில் பரம்பரையாக வண்டியோட்டி வாழும் ஏழைகள் பள்ளிச் சான்று இன்மையாற் பிழைப்பு இழப்பதை அம்மாநில அரசு எடுத்துக்காட்டியது. நீக்கியது அறமே என்பது எம் கருத்து. ஆசிரியர் இப்படிக் கூறலாமா என்று வினவாதீர்கள். ஆனால் பள்ளி வாயிலுக்கு நடந்து செல்லும் தொலைவில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அவ்விலக்கு எதற்கு? எரிவாயு, அமிலம் போன்ற அபாயச் சரக்குகளை ஏற்றும் வண்டியை ஓட்டுவோர் இந்திய மொழி ஒன்றும் ஆங்கிலமும் எழுதப் படிக்க அறிந்திருத்தல் வேண்டும். மூன்று நாள் தனிப் பயிற்சியும் பெறல் வேண்டும் என்று 9ஆம் விதி கூறுகின்றது. நாமக்கல் வட்டாரம் எரிவாயு டேங்கர் லாரிகளுக்குப் பெயர் பெற்றது. அத்தொழிலுக்குள் நுழையும் வாயில் எழுத்துதான். ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை விட்டு ஓடிய பையன் எமக்கு அஞ்சி ஓடினான். அவ்விதிக்கு எங்கே ஓடுவான்?

இப்பொழுது தாய்மார்களுக்கு ஒன்று சொல்வோம். நம் இதழின் வரன் பக்கத்தைப் புரட்டினால், "அலுவலகப் பணி உடையார் மட்டும்" என்று காண்கின்றோம். லாரி டிரைவருக்குப் பெண் கொடுப்பதில்லை என்று வெளிப்படையாகவே கூறுவோரும் உண்டு. குடிப்பான், வீடு தங்கான், என்று வருவானோ தெரியாது என்பன நீங்கள் கூறும் காரணங்கள். அக்காரணங்களை முற்றும் பொய்யென்று தள்ளோம். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் சாராயம் மிகுந்தாலே சிறையோ தண்டமோ உண்டென்று சட்டம் கூறியும் குடித்து ஓட்டுவார் இருக்கின்றனர். ஆனால் வீடு தங்காமை அவன் குற்றமா? 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி என்று வேலையை வரையறுத்தது. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரைமணி ஓய்வும் வகுத்தது. அவ்வளவையைக் காற்றில் விட்டு, "விடிவதற்குள் லோடு இறங்கவேண்டும்" என்று தொலைபேசியில் விரட்டுவோர் யார்? வண்டி வைத்திருக்கும் நம்மவரும் அவருள் உளர். இச்சபையிலேயே முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர், கோபித்துக்கொள்ள வேண்டா. மாப்பிள்ளையின் தொழிலை வினவுங்கள். அதன்பின் லைசென்சை வாங்கிப் பாருங்கள். எந்த ஆண்டு பெற்றான், எவ்வகை வண்டிக்கு, எங்கே கற்றான் என்று கேளுங்கள். ஜாதகத்தை மட்டும் பார்த்தலினும் அஃது உங்கள் மகளுக்கு உதவும்.

பெண்மக்களுக்கு இத்தொழில் ஆகாதென்று கூறுவோரும் உளர். கன்னியாகுமரி மாவட்டத்து எம். வசந்தகுமாரி என்பார் 1993ஆம் ஆண்டிலேயே அரசுப் போக்குவரத்துக் கழகத்திற் பஸ் ஓட்டுநராகச் சேர்ந்து பணியாற்றினார். அதற்கு மேல் வாதம் எதற்கு? ஜி.டி. நாயுடு அவர்கள் 1920ஆம் ஆண்டில் பஸ் ஒன்று வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார் என்பதனையும் இளைஞர் அறிக. அவர் பிற்காலத்திற் செய்த பொறிகளைப் புகழ்வோர் அவர் ஸ்டியரிங் பிடித்த கைகளை மறந்துவிடுகின்றனர்.

பெற்ற லைசென்சைக் காப்பதும் ஒரு வேலை. போக்குவரத்து வண்டி லைசென்சு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஐந்தாண்டு செல்லும், முன்னர் மூன்றாண்டே. அபாயச் சரக்குக்கு மூன்றாண்டு. புதுப்பிக்க ஒருநாட் பயிற்சியும் வேண்டும். முன்னர்க் காலம் கடந்தபின்னும் முப்பது நாள் செல்லுமென்று ஒரு சலுகை இருந்தது. அதே திருத்தத்தில் அஃது எடுக்கப்பட்டது. மறுநாள் விபத்து நேரினும் லைசென்சு இல்லாதவனாகவே கருதப்படுவான் என்று அறிக. முடிவதற்கு ஓராண்டு முன்னரே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் தேர்வு. பல டிரைவர்கள் வடநாட்டில் இருக்கும்பொழுது நாள் கடந்துவிடுகின்றது. ஆதலின், வீட்டிலுள்ள பெண்டிர் அந்நாளை நாட்காட்டியிற் குறித்து வைத்தல் நன்று.

வரும் ஞாயிறு முதல், காலை எட்டு மணிக்கு, சங்க நூல்நிலையத்தில் யாம் இருப்போம். எல்.எல்.ஆர். தேர்வுக்குரிய சாலைக் குறிகளையும் விதிகளையும் தமிழிற் படித்துக்காட்டுவோம்; படிவம் நிரப்பவும் உதவுவோம். கட்டணம் இல்லை. வயதுச் சான்று, முகவரிச் சான்று, முன்னரே இலகு வண்டி லைசென்சு இருப்பின் அது, ஆகியவற்றைக் கொண்டு வருக. கண்ணாடி அணிவோர் கண்ணாடியோடு வருக.